நிபுணர் தொப்பி

பறவைகளுக்கு நல்லது செய்வது என்று ஓர் அலுவலகம் முடிவெடுத்துவிட்டால், அப்புறம் அதன் கையிலிருந்து பறவையும் தப்ப முடியாது, மனிதரும் தப்ப முடியாது. காரைக்கால் பக்கம் பூவத்துக்கு வடக்கே, தமிழ்நாட்டு எல்லைக்குக் கூப்பிடு தூரத்தில், கோரையும் சேறுமாகக் கிடந்த ஒரு பள்ளத்தைச் சுற்றிக் கம்பிவேலி கட்டினார்கள். உள்ளே சிமென்ட் நடைபாதை போட்டு, வாசலில் வளைவு வைத்து, சதுப்பு நிலப் பூங்கா என்று பெயரிட்டார்கள். அதைக் கட்டி மேய்க்க 'கடலோரப் பறவைகள் நலக் குழுமம்' என்று ஒன்று பிறந்தது. குழுமத்துக்குத் தலைவர், ஒருங்கிணைப்பாளர், ஜீப்பு, ரப்பர் முத்திரை எல்லாம் வரிசையாக வந்து சேர்ந்தன. பறவைகள் மட்டும் அதற்கு முன்பே வந்துகொண்டிருந்ததால் அவற்றைப் பற்றி யாரும் தனியாகக் கவலைப்படவில்லை.

பங்குனி பிறந்தால் பள்ளம் வற்றும். காலங்காலமாக அப்படித்தான். ஆனால் குழுமத்தின் 'வசந்தகாலப் பறவை நோக்கு நடை' பங்குனியில்தான் நடந்தாக வேண்டும், ஏனென்றால் அதற்கு முன்னால் தலைவருக்கு ஒழியாது. வற்றிய பள்ளத்தில் விழா எடுத்தால் படத்துக்கு எடுப்பாக இருக்காது. ஆகவே பூங்காவிலிருந்து தண்ணீர் வெளியேறும் வடிகாலில் புதிதாக ஓர் இரும்பு ஷட்டர் போட்டு, மாசிக் கடைசியில் விழா எடுத்து இறக்கிவிட்டார்கள். ஷட்டர் இறங்கிய கையோடு பருவம் தப்பிய மழை ஒன்று இரவு பகலாகக் கொட்டியது. போக வழியில்லாத தண்ணீர் பின்னால் ஏறி, மங்கையர்க்கரசியின் உளுந்துக்குள் வந்து நின்றது.

மங்கையர்க்கரசிக்கு வடிகால் ஓரமாக மூன்று மா நிலம். அவள் கணவர் முருகானந்தத்துக்குத் திருநள்ளாற்றில் ஒரு லாட்ஜில் வேலை. சனி பகவானைப் பார்க்க வரும் கூட்டம் அவரை வீட்டுக்கு விடாது, அதனால் வயல் முழுக்க அவள் பாடு. தையில் சம்பா அறுப்புக்கு முன்னால், நிற்கிற நெல்லுக்குள்ளேயே உளுந்தைத் தெளித்துவிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். நெல்லை அறுத்ததும் தாளுக்கு நடுவே அது தலையைத் தூக்கி, பனியைக் குடித்தே காய்த்துவிடும். உளுந்து மனிதரிடம் கேட்பதெல்லாம் தன்னைச் சும்மா விட வேண்டும் என்பது ஒன்றைத்தான். மார்கழி மழை இந்த வருஷம் சம்பாவைப் படுக்க வைத்துவிட்டதால், அவள் நம்பியிருந்தது இந்த உளுந்தைத்தான். காய் பிடித்த செடி இப்போது கணுக்கால் தண்ணீரில் நின்றது. இலையெல்லாம் பழுக்கத் தொடங்கியிருந்தது. இன்னும் ஓரிரு நாள் இப்படியே நின்றால் வேர் அழுகிவிடும்.

அவள் குழுமத்தின் அலுவலகத்துக்குப் போனாள். ஒருங்கிணைப்பாளர் செந்தில்குமார் நல்ல மாதிரி. நாற்காலி போட்டு உட்காரவைத்து, சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். கடைசியில் பிரச்சினை எங்கே இருக்கிறது என்று விளக்கினார். குழுமத்தின் விதிப்படி கோரிக்கை எழுப்ப இரண்டு தரப்புக்குத்தான் உரிமை உண்டு. ஒன்று பறவைகள், இன்னொன்று பார்வையாளர்கள். உளுந்து அதில் எங்கேயும் வரவில்லை.

"ஷட்டரு பறவைங்களுக்காகப் போட்டதுங்கம்மா," என்றார். "பறவைங்க தரப்புலேருந்து இதுவரைக்கும் ஆட்சேபணை ஒன்னும் வரலியே."

தலைவரைப் பார்க்க முடியுமா என்று கேட்டாள். தலைவர் புதுச்சேரியில் இருக்கிறார், நாளைக் காலை நடைக்கு வருகிறார், ஆனால் நடையில் கலந்துகொள்பவர்களோடு மட்டுமே பேசுவார் என்று பதில் வந்தது. அப்படியானால் நானும் நடக்கிறேன் என்றாள் மங்கையர்க்கரசி. வாழ்நாளெல்லாம் வரப்பில் நடந்தவள், சிமென்ட்டில் நடக்க மாட்டாளா. செந்தில்குமார் அவள் பெயரைக் குறித்துக்கொண்டு, பறவைகள் மேல் ஆர்வம் எப்போது வந்தது என்று அன்பாக விசாரித்தார். நேற்றுதான் என்றாள்.

மறுநாள் விடியலில் பூங்கா வாசல் கல்யாண வீடு போல இருந்தது. வளைவில் வாழைமரம் கட்டி, ஒலிபெருக்கி வைத்து, 'சூழல் சமநிலை காப்போம்' என்று நீளமாக ஒரு பதாகை தொங்கவிட்டிருந்தார்கள். நடைபாதை நெடுகக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி உள்ளே போகத் தலையில் தொப்பி வேண்டும். மஞ்சள் தொப்பி அதிகாரிகளுக்கு, வெள்ளை பொதுமக்களுக்கு, பச்சை நிபுணர்களுக்கு. அதிகாரிகள் தங்கள் மாமனார், மச்சினி, மச்சினியின் பிள்ளைகள் என்று குடும்பத்தோடு வந்துவிட்டதால் வெள்ளைத் தொப்பி பொழுது விடிவதற்கு முன்பே தீர்ந்துவிட்டது. நிபுணர்களோ சென்ற வருஷ நடையைப் பற்றிக் கேள்விப்பட்டு ஒருவரும் வரவில்லை. அவர்களுடைய பச்சைத் தொப்பிகளையும் பிள்ளைகள் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு ஓடிவிட, மிச்சம் ஒன்று கிடந்தது.

காவலர் மணிபாரதி அதை எடுத்து மங்கையர்க்கரசியிடம் நீட்டினார். நிறத்தைப் பற்றியெல்லாம் யோசிக்காதீங்கம்மா, தலை மூடியிருந்தால் போதும் என்று அவரே சொன்னார். அவள் கொண்டைக்கு மேல் அதை ஒருவாறு அழுத்தி வைத்தாள். வைத்த மாத்திரத்தில் மணிபாரதியின் முதுகு நிமிர்ந்தது.

"உள்ள போங்க மேடம்," என்றார்.

அவளுக்குப் பின்னால் நின்றவர் ரோஷன் பேகம் டீச்சர். காரைக்காலில் பள்ளிக்கூட ஆசிரியை. பறவை பார்ப்பதென்றால் சோறு தண்ணீர் வேண்டாம் அவருக்கு. எல்லோருக்கும் முன்பே பெயர் கொடுத்து, சொந்தத்தில் பைனாகுலர் வாங்கி மாட்டிக்கொண்டு, முதல் ஆளாக வந்து, வருகிறவர்களுக்கெல்லாம் வழிவிட்டு வரிசையின் கடைசிக்கு வந்துவிட்டார். தொப்பி இல்லாததால் அவரைக் கயிற்றுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். நடக்கலாம், ஆனால் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நடக்க வேண்டும்.

முதலில் மௌன உறுதிமொழி. பறவைகளுக்கு இடைஞ்சல் தரும் எந்தச் சத்தமும் எழுப்ப மாட்டோம் என்று ஒலிபெருக்கியில் செந்தில்குமார் சொல்லச் சொல்ல, எல்லோரும் கை நீட்டித் திருப்பிக் கத்தினார்கள். அது முடிந்ததும் தலைவர் சண்முகசுந்தரத்தின் ஜீப் வந்தது. பேண்டு வாத்தியம் முழங்கியது. வளைவிலிருந்து, இப்போது குளமாகிவிட்ட பள்ளத்தின் கரை வரை விரித்திருந்த சரவெடியைக் கொளுத்தினார்கள். குளத்தில் அதுவரை இருந்த அத்தனை பறவையும் ஒரே மூச்சில் எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, வேலியைத் தாண்டிப் போய்விட்டது. தலைவருக்கு மரியாதை செலுத்தும் விதமாகப் பறந்ததாக ஒலிபெருக்கி அறிவித்தது.

தலைவர் பேசினார். அவர் முன்பு எங்கேயோ பேருந்துப் போக்குவரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அதிகாரி. பேருந்துக்கும் பறவைக்கும் அதிக வித்தியாசமில்லை, இரண்டுமே நேரத்துக்கு வராது, வந்தால் நிற்காது என்றார். கைதட்டல் அடங்கியதும் குரல் தழுதழுத்தது.

"பறவைங்கன்னா எனக்கு உசுருங்க. வீட்ல பெரிய கூண்டா ரெண்டு வச்சுருக்கேன், ஒன்னையும் வெளிய விட்டதில்ல. இங்க இவ்வளவு தண்ணி நிக்கிதுன்னா அது நம்ம குழுமத்தால. மழை பேஞ்சுதுன்னு சில பேரு சொல்றாங்க. மழை எல்லா எடத்துலயுந்தான் பேஞ்சுது. தண்ணி நம்ம எடத்துல மட்டுந்தான நிக்கிது?"

என் இடத்திலும் நிற்கிறது என்று சொல்ல மங்கையர்க்கரசி வாயெடுத்தாள். செந்தில்குமார் பதறிப்போய் உதட்டில் விரலை வைத்தார். மௌன உறுதிமொழி எடுத்திருக்கிறோம் மேடம் என்று ஜாடை காட்டினார். தலைவர் அந்த உறுதிமொழி எடுக்கவில்லை, ஆகவே மேலும் அரைமணி நேரம் பேசினார்.

பிறகு நடை தொடங்கியது. பதவி வரிசைப்படி நடக்க வேண்டும், யாரும் முந்தக் கூடாது. குழுமத்துக்கு ஒரே பைனாகுலர். அது தலைவர் கழுத்தில் இருந்தது. கொஞ்ச தூரம் போனதும் தலைவர் கையைத் தூக்கினார், ஊர்வலம் நின்றது. கரையோரத்தில் ஒரு கூழைக்கடா. தலைவர் அதை நெடுநேரம் பார்த்தார். எத்தனை பொறுமை, எத்தனை கம்பீரம், இவ்வளவு பேர் வந்தும் அசையவில்லை பாருங்கள் என்று வியந்தார். அதிகாரிகளும் வெறுங்கண்ணால் வியந்தார்கள். அது முந்தாநாள் தருமபுரத்துக் கொத்தனார் வந்து செய்து வைத்த கூழைக்கடா. அலகுக்கு அடியில் இன்னும் பெயின்ட் காயவில்லை.

"சார், அது சிமென்ட்டுங்க," என்று கயிற்றுக்கு வெளியிலிருந்து ரோஷன் பேகம் சொன்னார்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பேசியவர் தலையில் தொப்பி இல்லை. ஆகவே யாரும் பேசவில்லை என்று ஆகிவிட்டது. ஊர்வலம் மேலே நடந்தது.

பாதை முடியும்வரை உயிருள்ள பறவை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. ஆண்டறிக்கைக்குப் படம் பிடிக்க வந்த அறிவுச்செல்வன், தலைவருக்குப் பின்னால் ஒரு காக்காயாவது உட்கார்ந்தால் தேவலை என்று முணுமுணுத்தார். அப்போதுதான் யாரோ வேலிக்கு அப்பால் கையைக் காட்டினார்கள். அங்கே கொக்கும் மடையானும் நத்தைகுத்தி நாரையுமாக இடம் போதாமல் நின்று மேய்ந்துகொண்டிருந்தன. மங்கையர்க்கரசி எட்டிப் பார்த்தாள். அவளுடைய உளுந்து. பூமி தெரியாமல் வெள்ளை வெளேரென்று கிடந்தது.

தலைவர் முகம் சிவந்துவிட்டது. குழுமம் சம்பளம் கொடுத்து, விழா எடுத்துக் காப்பாற்றுகிற பறவைகள் அடுத்தவர் இடத்தில் போய் மேய்வது அவருக்குப் பொறுக்கவில்லை. அது யார் நிலம் என்று கேட்டார். தனியார் நிலம் சார் என்றார் செந்தில்குமார், ஏதோ தானே அதைத் தனியாருக்குக் கொடுத்துவிட்ட மாதிரிக் கூனிக் குறுகி. தலைவர் சற்று யோசித்தார்.

"அப்ப அந்த நெலத்தையும் நம்ம வேலிக்குள்ள கொண்டாந்துடுங்க," என்றார். "பறவை எங்க நிக்கிதோ அதான் பூங்கா. நாளைக்கே கல்லு ஊனச் சொல்லுங்க."

மங்கையர்க்கரசி வேலிக்கு அப்பால் தன் நிலத்தைப் பார்த்தாள். உளுந்தைக் கேட்க வந்த இடத்தில் நிலமே போகிறது. பூனைக்குப் பயந்து புலி வாயில் தலையைக் கொடுத்த கதையாகிவிட்டது என்று நினைத்தாள். என்ன சொன்னால் இவர்கள் காதில் ஏறும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

அந்நேரம் கயிற்றுக்கு அந்தப் பக்கமிருந்து ரோஷன் பேகம் மறுபடி பேசினார். குளத்தில் தண்ணீர் ஆழமாக நிற்கிறது, கொக்குக்கும் நாரைக்கும் முழங்கால் தண்ணீர் போதும், ஷட்டரைத் திறந்தால் சேறு தெரியும், மீன் துள்ளும், பறவை தானாக வரும் என்று பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வது போல நிதானமாகச் சொன்னார். தலைவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்களும் அவரோடு சேர்ந்து வானத்தைப் பார்த்தார்கள்.

பிறகு தலைவர், நிபுணர் யாராவது வந்திருக்கிறார்களா என்று கேட்டார். எல்லாத் தலைகளும் பச்சைத் தொப்பியை நோக்கித் திரும்பின.

மங்கையர்க்கரசி ஓரடி முன்னால் வந்தாள். உறுதிமொழி எடுத்த வாயை மெல்லத் திறந்தாள்.

"ஷட்டரத் தெறந்துடுங்க," என்றாள். "தண்ணி வடிஞ்சா பறவை இங்க வந்துடும்."

"அது எதனாலங்க மேடம்?" என்றார் தலைவர் பயபக்தியோடு.

டீச்சர் சொன்னதில் பாதி அவளுக்குப் படபடப்பில் மறந்துபோய்விட்டது. எதிரே, வாசலில் இருந்தது போலவே இன்னொரு பதாகை தொங்கியது.

"சூழல் சமநிலைங்க," என்றாள்.

தலைவர் கண்ணை மூடி வெகுநேரம் தலையாட்டினார். இதைத்தான் தானும் உள்ளூர நினைத்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். கயிற்றுக்கு வெளியே டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் சிரிப்பும் வந்துவிட்டது அவருக்கு.

இறக்கும்போது ஒரு விழா எடுத்த ஷட்டரை ஏற்றும்போது சும்மா ஏற்றிவிட முடியுமா. ரிப்பன் கொண்டுவர ஜீப் காரைக்காலுக்குப் பறந்தது. ரிப்பன் வந்தபோது கத்தரிக்கோல் இல்லை, கத்தரிக்கோலுக்கு மறுபடி ஜீப் போனது. மங்கையர்க்கரசி தன் செடியைப் பார்ப்பதும் ரோட்டைப் பார்ப்பதுமாக நின்றாள். ஒருவழியாகத் தேங்காய் உடைத்து, ரிப்பன் வெட்டி, தலைவர் சக்கரத்தின் மேல் கையை வைத்துப் படத்துக்குச் சிரிக்க, அவருக்குக் கீழே நான்கு பேர் குனிந்து அதைச் சுற்றினார்கள். தண்ணீர் நுரைத்துக்கொண்டு கடலைப் பார்க்க ஓடியது.

அப்புறம் பொங்கல், வடை. அப்புறம் உரைகள். பறவைகளின் எதிர்காலம் பற்றி மஞ்சள் தொப்பி போட்ட ஒவ்வொருவரும் பேசி முடிக்கிற நேரத்துக்குள் குளம் இறங்கிச் சேறு தெரிந்தது, வயலில் தண்ணீர் வடிந்தது. அங்கே இரை தீர்ந்த பறவைகள் ஒன்றொன்றாக வேலியைத் தாண்டி வந்து, துள்ளுகிற மீனைக் கொத்த இறங்கின. அறிவுச்செல்வன் தலைவரைக் குளத்துக்கு முதுகு காட்டி நிற்கவைத்துப் படமாக எடுத்துத் தள்ளினார். தலைவர் அப்போது ஒரு தடவைகூடப் பறவைகளைத் திரும்பிப் பார்க்கவில்லை, படத்தில் முகம் விழாது என்பதால்.

உடனே மேடையேறி அறிவித்தார். இந்த மகத்தான வெற்றியை நிரந்தரத் திட்டமாக்குகிறோம் என்றார்.

"இனிமே வருஷா வருஷம் மாசியில ஷட்டர எறக்குவோம், பங்குனியில விழா எடுத்துத் தெறப்போம். எறக்குனாத்தான தெறக்க முடியும்?"

அந்த நியாயத்துக்குப் பலத்த கைதட்டல். திட்டத்தைத் தந்த நிபுணருக்குப் பொன்னாடை போர்த்தி, ஒலிவாங்கியைக் கொடுத்து, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

மங்கையர்க்கரசிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இன்று தப்பித்த உளுந்தை வருஷா வருஷம் மூழ்கடிக்க அவள் வாயாலேயே வழிசெய்து கொடுத்திருக்கிறாள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. பொய்யாக வந்த தொப்பியோடு உண்மையைப் பேசுவது சரியில்லை என்று அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"நான் நிபுணரு இல்லீங்க. அந்த வயலு என்னோடது. உங்க ஷட்டரால என் உளுந்து அழுகிப்போவுது. மாசியில எறக்காதீங்க," என்றாள்.

கூட்டத்தில் ஒரு சலசலப்பும் இல்லை. தலைவர் செந்தில்குமாரிடம், மேடம் எங்கே போய்விட்டார்கள், இன்னும் பேச வரவில்லையா என்று விசாரித்தார். மணிபாரதி மேடை ஓரமாக வந்து நின்றார். தொப்பி இல்லாதவங்க மேடையில நிக்கக் கூடாதுங்கம்மா, எறங்குங்க என்றார், கனிவாகத்தான்.

அவள் கயிற்றுக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். ரோஷன் பேகம் தன் தலையைத் தொட்டுக் காட்டினார். மங்கையர்க்கரசி தொப்பியை எடுத்துக் கொண்டைக்கு மேல் மறுபடியும் அழுத்தினாள்.

"வந்துட்டாங்க, வந்துட்டாங்க," என்று தலைவர் எழுந்து நின்று கைதட்டினார்.

"ஷட்டரு இங்க இருக்கவே கூடாதுங்க," என்றாள் அவள். "இரும்போட நெழலு தண்ணியில வுழுந்தா பறவைக்கு ஆவாது. கழட்டிடணும். இந்த வாரத்துக்குள்ளயே. பக்கத்து வயல்லயும் கல்லுகில்லு ஊனக் கூடாது, பறவை மெரண்டுடும்."

தலைவர் அருகில் வந்து, தாழ்ந்த குரலில், சூழல் சமநிலையா மேடம் என்று கேட்டார்.

"அதேதாங்க," என்றாள்.

தீர்மானம் அங்கேயே நிறைவேறியது. ஷட்டரைக் கழற்றுவது. கழற்றிய ஷட்டருக்கு வண்ணம் அடித்து, தலைவர் பெயர் பொறித்து, பூங்கா வாசலில் நினைவுச் சின்னமாக நட்டு வைப்பது. ஷட்டரைப் போட்டவரும் கழற்றியவரும் ஒருவரே என்பது குழுமத்தின் வரலாற்றில் முதல் தடவை என்று செந்தில்குமார் நன்றியுரையில் குறிப்பிட்டார்.

வாசலில் மணிபாரதி தொப்பிகளைத் திரும்ப வாங்கிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். மங்கையர்க்கரசி கொடுக்கவில்லை.

"ஷட்டரு கழட்டுற வரைக்கும் இது என் தலையிலதான் இருக்கும்," என்றாள். தொப்பி சொன்னதை மணிபாரதியால் மறுக்க முடியவில்லை.

வயலில் பாதிச் செடி வீணாகித்தான் போயிருந்தது. அதில் தண்ணீரில் பழுத்தது கொஞ்சம், கொக்கு மிதித்தது கொஞ்சம். மிஞ்சிய பாதி மட்டும் வெயில் பட்டதும் மெல்ல நிமிர்ந்தது. அவள் தொப்பியும் தலையுமாகக் களத்துக்கும் கடைக்கும் போய்வந்தாள். ஊர் சிரித்தது. முருகானந்தம் ஒருநாள் லாட்ஜிலிருந்து வந்தவர், அடையாளம் தெரியாமல், எழுந்து நின்று வணக்கம் வைத்துவிட்டார்.

வார முடிவில் ஷட்டரைக் கழற்ற ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். நிபுணர் முன்னிலையில்தான் கழற்ற வேண்டுமாம். மங்கையர்க்கரசி உளுந்துக்கு நடுவிலிருந்து தலையைத் தூக்கினாள். பச்சையைக் கண்டதும் அவர்கள் ஸ்பேனரை எடுத்தார்கள். கடைசி போல்ட் விழுந்து, இரும்புப் பலகை கரையேறிய பிறகுதான் அவள் தொப்பியைக் கழற்றினாள். கொண்டை நசுங்கி, நெற்றியில் விளிம்பு அழுந்திய தடம் விழுந்திருந்தது.

பக்கத்து வயல் செல்லம்மா வரப்பில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். மெதுவாக இறங்கி வந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"மங்க, அந்தத் தொப்பிய ரெண்டு நாளைக்குக் குடேன். எனக்கும் ஒரு ஆபீஸ்ல வேல கெடக்கு."